கேளுங்க, சொல்றேன்: அகத்திக்கு ஒரு டோர்னியர்

கேள்வி: கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டற ஃப்ளைட் சிமுலேட்டர்ல அடுத்து எந்த பிளேன் வந்தா நல்லா இருக்கும்னு ஃபிரெண்ட்ஸுக்குள்ள ஒரே சண்டைங்க. நான் ஏ380, கான்கார்ட், ரஃபேல்னு லிஸ்ட் போட்டேன். நீங்க போட்டா என்ன போடுவீங்க?
(கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை)

தம்பி, ஏ380ய கிளப்பி மேல ஏத்துனதும் ஆட்டோபைலட்ட போட்டுட்டு நீங்க டீ குடிக்க எந்திரிச்சுப் போயிருவீங்க, அது எனக்குத் தெரியும். நம்மள சீட்ட விட்டு எந்திரிக்க விடாத பிளேனா கேளுங்க. என் லிஸ்ட்ல மொதல்ல டோர்னியர் 228 தான். ஜெர்மன்காரன் டிசைன், ஆனா கான்பூர்ல நம்ம எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கம்பெனி செய்யறது, 19 சீட்டு, கேபின்ல காத்தழுத்தத்த ஏத்தி வெக்கற வசதி கெடையாது, அதனால ரொம்ப உசரமும் போக முடியாது. முன்னாடி கொச்சியில இருந்து லட்சத்தீவு அகத்திக்கு இதான் ஓடுச்சு. நீங்களே யோசிச்சுப் பாருங்க, 450 கிலோமீட்டருக்கு மேல வெறும் கடல், கீழ பாத்து வழி கண்டுபுடிக்க ஒண்ணுமே இல்ல, கடைசியில ஒரு தீவோட நுனியில சுமார் 1,200 மீட்டர் ரன்வே, ரெண்டு முனையிலயும் தண்ணி. ஜூன் மாசத்து மழைய போட்டு ஒருதடவ எறக்கிப் பாருங்க, ரஃபேல் ஞாபகமே வராது. 2022ல அலையன்ஸ் ஏர் இந்த எச்ஏஎல் டோர்னியர அருணாச்சல் பக்கம் பாசிகாட்டுக்கு ஓட்ட ஆரம்பிச்சாங்க, அதனால பழைய பிளேன்னு யாரும் ஒதுக்கவும் முடியாதுங்க.

அடுத்தது ஆவ்ரோ 748. 1960ல இங்கிலாந்துல மொதல்ல பறந்துச்சு, அப்புறம் கான்பூர்ல 89 செஞ்சாங்க, ஏர்ஃபோர்ஸும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஓட்டுனாங்க. இதுல எனக்குப் புடிச்சது அந்த ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின். வெயில் ஏற ஏற காத்து லேசாகி எஞ்சினுக்கு தெம்பு கொறையுமில்ல, அப்ப டேக் ஆஃப்புக்கு தண்ணியும் மெத்தனாலும் கலந்து உள்ள அடிச்சு பவர ஏத்துவாங்க. ஏப்ரல் மாசம் மத்தியானம் பாலக்காட்டு வெயில் எப்பிடி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா! அந்த சூட்ட சிமுலேட்டர்ல செட் பண்ணி, முழு லோடோட, கலவைய போட்டு ஒருதடவ போடாம ஒருதடவ கெளம்பிப் பாக்கணும், அதுக்காகவே வேணும். ஆவ்ரோவுக்கு பதிலா ஏர்ஃபோர்ஸுக்கு சி-295ங்கற பிளேன் 56 வாங்க 2021ல ஒப்பந்தம் போட்டாச்சு, அதனால ஆவ்ரோ எஞ்சின் சத்தத்த ரெக்கார்ட் பண்றவங்க இப்பவே பண்ணிக்கறது நல்லது.

ஏர்ஃபோர்ஸ் சரக்கு பிளேன், அன்டோனோவ் கம்பெனியோட ஏஎன்-32வும் வேணும். சூலூர்ல இருந்து கெளம்பறத நம்ம பக்கத்து ஆளுங்க நெறைய பேரு பாத்திருப்பீங்க, எஞ்சின் ரெண்டும் றெக்கைக்கு மேல ஏறி உக்காந்திருக்கும், பெரிய ப்ரொப்பெல்லர் தரையில தட்டாம இருக்கத்தான் அப்பிடி. அன்டோனோவ்ல ராட்சச ஏஎன்-225 மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்ல வந்தாச்சு, இது மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு?

கேள்வி: சூலூர்ல நிக்கற தேஜஸ ஏன் யாரும் நெஜம் மாதிரியே செய்ய மாட்டேங்கறாங்க?
(ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கற வாசகர், வாளையார்)

வெளித்தோற்றத்த யார் வேணா செஞ்சிரலாம்ணே. தேஜஸ் வேணும்னே கொஞ்சம் நிலையில்லாம டிசைன் பண்ணுனது, கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி திருத்திக்கிட்டே இருக்கறதாலதான் நேரா பறக்குது. அந்த கம்ப்யூட்டர் என்ன கணக்கு போடுதுன்னு வெளிய குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது. அது தெரியாம செஞ்சா தேஜஸ் பெயின்ட் அடிச்ச வேற ஏதோ ஒண்ணத்தான் ஓட்டுவீங்க. எனக்கு அதுல ஆசையில்ல. அதுக்கு பதிலா நம்ம பழைய ஃபைட்டர் மாருத் கேக்கலாம், 1961ல பறந்தது, ஜெர்மன் டிசைனர் கர்ட் டேங்க் டிசைன், சர்வீஸ விட்டுப் போயி பல வருசமாச்சு.

கேள்வி: சிமுலேட்டர்ல ஏடிஆர்ங்கற ப்ரொப்பெல்லர் பிளேன்ல ஒரு எஞ்சின் ஓடுது, ஆனா ப்ரொப்பெல்லர் சுத்தாம நிக்குது. டவுன்லோட் கோளாறா?
(வாசகி, கோபாலபுரம்)

கோளாறே இல்லீங்க. ஏடிஆர்ல வால் பக்கம் தனியா குட்டி எஞ்சின் கெடையாது. அதனால வலது எஞ்சின ஓடவிட்டு, ப்ரொப்பெல்லர மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, ஏசிக்கும் கரண்டுக்கும் அதையே வெச்சுக்குவாங்க, ஹோட்டல் மோடுன்னு பேரு. கெளம்பறதுக்கு முன்னாடி அந்த பிரேக்க எடுத்துருங்க.

கேள்வி: ரிட்டயர் ஆயிட்டேன், பழைய லேப்டாப்புதான் இருக்குது. காசு செலவில்லாம ஓட்ட வழி உண்டா?
(வாசகர், சித்தூர், பாலக்காடு)

ஃப்ளைட்கியர்னு ஒரு சிமுலேட்டர் ஃப்ரீ தானுங்க ஐயா, கிராபிக்ஸ கொறச்சு வெச்சா ஓடும். செஸ்னா 172ங்கற குட்டி பிளேன்ல ஆரம்பிங்க. கோயமுத்தூர் ரன்வே 23ல எறங்கறப்ப, ஆடி மாசத்துக் காத்து வேணும்னா மேற்க இருந்து 20 நாட் செட் பண்ணிக்கோங்க, பாலக்காட்டு கணவாய் வழியா வர்றது அப்பிடித்தான் இடது பக்கமா தள்ளும். ஜாய்ஸ்டிக் ஒண்ணு மட்டும் வாங்கிருங்க, கீபோர்டுல ஓட்டுனா ரெண்டாவது நாளே வெறுத்துரும்.