மொட்டைப் பெட்டிசம்

கேள்வி: அக்கா, வீட்டுச் சமையலைக் கைபேசியில் எடுத்து யூடியூபில் போடுகிறேன். முகம் காட்டுவதில்லை, கையும் குரலும் மட்டும்தான். மூன்று மாதமாகப் பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து என்னையும் குடும்பத்தையும் பற்றி அசிங்கமாக எழுதுகிறார்கள். அதே இடத்தில் பெயர் சொல்லாத இன்னொரு பெண், புருஷனை விட்டு வந்தபின் என் வீடியோவைப் பார்த்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பதாக எழுதி, சிவப்பு மா இடியப்பம் ஏன் முறிகிறது என்று கேட்டிருந்தார். கருத்துப் பகுதியை மூடிவிடவா? எல்லோரும் அடையாள அட்டை இலக்கம் கொடுத்துத்தான் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தால் சரி என்கிறான் தம்பி. என் பெயரைப் போட வேண்டாம்.
- வாசகி, நிலாவெளி

பதில்: போடவில்லை, தங்கச்சி.

திருகோணமலையில் இருபத்தாறு வருடம் தபாற்கந்தோரில் வேலை செய்தவள் நான். மொட்டைப் பெட்டிசத்தை உறையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கோணல் எழுத்து, அனுப்புநர் இடம் வெறுமை, முத்திரை மட்டும் தேவைக்கு மேல் ஒட்டியிருக்கும். என் தங்கையின் கலியாணப் பேச்சு அப்படி ஒரு கடிதத்தால்தான் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் அதை எங்களிடம் காட்டவே இல்லை. அதன்பிறகு அம்மா கோயிலுக்குப் போனால் கும்பிடுவதைவிட அங்கு நிற்பவர்களின் முகத்தைத்தான் பார்ப்பார், இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று. சாகும்வரை அப்படித்தான். உங்களுக்கும் இப்போது சந்தைக்குப் போக மனமில்லாமல் இருக்கும்.

ஆனால் நானும் ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதியிருக்கிறேன். மகன் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு வந்த அரிசியும் பருப்பும் பாதிதான் அடுப்புக்குப் போனது. மேலிடத்துக்கு எழுதினேன். பெயர் போட்டிருந்தால் மகனை வகுப்பில் என்ன பாடுபடுத்தியிருப்பார்களோ! விசாரணை வந்தது, பிள்ளைகளின் தட்டு நிறைந்தது. அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. தங்கையைப் பற்றி எழுதியவருக்கு, பெயர் தெரிந்திருந்தாலும், எங்களால் ஒரு கெடுதியும் வந்திருக்காது. எனக்கு வந்திருக்கும். இரண்டு கடிதத்திலும் கையெழுத்து இல்லைதான், ஆனால் அவற்றை ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

தம்பி சொல்லும் சட்டத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கடற்கரையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. தலையில் சுடப்பட்டிருந்ததைக் காட்டிய படங்கள் பத்திரிகையில் வந்தன. எடுத்தவர் ஊடகவியலாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் நகரத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் இங்கு இருந்தவர்களிடம் போய், உண்மை பேசுகிறவன் பெயரைப் போட்டுப் பேசட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எது பொய்யான கூற்று என்று பார்க்க ஓர் ஆணைக்குழுவை அமைக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் ஒரு ஜனவரி 24இல்தான், 2024ஆம் ஆண்டு. அன்றைக்கு எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

தம்பி கேட்பதைத் தென்கொரியா 2007இலேயே செய்து பார்த்தது. பெரிய தளங்களில் எழுத அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். 2011இல் ஒரு நிறுவனத்திலிருந்து மட்டும் சுமார் மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தள்ளிவிட்டது. அப்புறம், முகநூலில் சொந்தப் பெயரும் பிள்ளையின் படமும் போட்டுக்கொண்டு தூஷணம் எழுதுகிறவர்களை நீங்கள் பார்த்ததில்லையா?

மூட வேண்டாம். அந்தக் கணக்கைச் சேனலிலிருந்து மறைக்க யூடியூபிலேயே வழி இருக்கிறது. அவர் எழுதுவது மற்றவர் கண்ணில் படாது, மறைத்தது அவருக்கு அறிவிக்கப்படுவதும் இல்லை. வழக்கமாக வரும் கெட்ட சொற்களைப் பட்டியலில் போட்டு வைத்தால், அவை உள்ள கருத்துகள் நீங்கள் பார்க்கும்வரை வெளியே வராது. மறைப்பதற்கு முன் எழுதியதையெல்லாம் படம் எடுத்து வையுங்கள். மிரட்டத் தொடங்கினால் தனியாக இருந்து யோசிக்காமல், பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழையுங்கள். தினமும் வாசிக்க மனம் தாங்கவில்லை என்றால் கொஞ்ச நாளைக்குத் தம்பி வாசிக்கட்டும். அவனுக்கும் அது என்னவென்று தெரியட்டும்.

இடியப்பம் அவிக்கிற அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைக் காணவில்லை. நன்றாகக் கொதித்த தண்ணீர் விட்டுக் குழைக்கச் சொல்லுங்கள், ஆறிய தண்ணீரென்றால் சிவப்பு மா முறியும். அவர் விடியப்புறம் அடுப்பு மூட்டுகிறவராக இருப்பார், இன்று இரவே எழுதிவிடுங்கள்.