பிளேட்லெட் குறைந்திருக்கிறது, பல் பிடுங்க வேண்டும்: ஸ்டென்ட் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. ஐந்து மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் தினமும் 75 மில்லிகிராம் சாப்பிடுகிறார். கை லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 1,28,000 என்று வந்திருக்கிறது. அடுத்த வாரம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும். "ரத்தம் ரொம்ப நீர்த்துவிட்டது, ஐந்து நாள் மாத்திரையை நிறுத்து" என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், ஒரு நாளைக்குக்கூட. இந்தப் பல்லுக்காக நிறுத்த வேண்டிய தேவையும் அநேகமாக வராது. உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: பரிசோதனையில் வந்த எண், கையில் தெரியும் கன்றல், மாத்திரை. உறவினர்கள் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள். அதை அவிழ்க்க, பிளேட்லெட் என்னதான் செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

பிளேட்லெட் என்பது முழு செல்லே இல்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு பெரிய செல்லிலிருந்து உதிரும் துணுக்கு. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர்தான். அதற்கு உட்கரு கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 7 முதல் 10 நாள் வரை ரத்தத்தில் சுற்றிவிட்டு அழிந்துபோகும். பெரும்பாலானவற்றுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு வேலையும் வராது. ரத்தக்குழாயின் உள்பூச்சு நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் என்ற இரண்டு பொருள்களைச் சுரந்து, "இங்கே ஒன்றுமில்லை, போய்க்கொண்டே இரு" என்று அவற்றை அமைதியாக வைத்திருக்கிறது.

காகிதம் விரலைக் கீறுகிறது என்று வையுங்கள். உள்பூச்சு கிழிந்து அடியிலிருக்கும் கொலாஜன் நார் வெளியே தெரிகிறது. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம் அந்த நாரில் ஒட்டிக்கொண்டு, ஓடும் ரத்தத்தில் வரும் பிளேட்லெட்டுகளைத் தூண்டில் மாதிரிப் பிடிக்கிறது. பிடிபட்டதும் வழவழப்பான வட்டாக இருந்தது முள்ளும் கையுமாக உருமாறும். தன்னிடமிருக்கும் ஏடிபி என்ற பொருளைக் கொட்டும், திராம்பாக்சேன் என்ற பொருளைத் தயாரித்து வெளியே விடும். இரண்டுமே பக்கத்தில் போகும் மற்ற பிளேட்லெட்டுகளுக்கான அழைப்பு. வந்தவை எல்லாம் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தால் ஒன்றையொன்று பிணைத்துக்கொள்கின்றன. அப்புறம் ரத்தத்தில் இருக்கும் உறைதல் காரணிகள் அந்தக் குவியலின் மேல் ஃபைப்ரின் என்ற நாரால் வலை பின்னி இறுக்குகின்றன. நீங்கள் கைக்குட்டையைத் தேடி எடுப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

விரலில் இது உயிர் காக்கும் வேலை. இதயத் தமனியிலோ, குழாயின் அகலமே மூன்று நான்கு மில்லிமீட்டர். அங்கே கொழுப்புப் படிவு வெடித்தால் பிளேட்லெட்டுக்கு அது வெறும் ஒரு காயம். அதே வேகத்தில் ஓடிவந்து அடைக்கும். அந்த அடைப்புதான் மாரடைப்பு. அடைத்த குழாயை விரித்துப் பிடிக்க உள்ளே வைக்கும் கம்பி வலையான ஸ்டென்ட்டும் பிளேட்லெட்டின் கண்ணுக்கு ஒரு அந்நியப் பொருள்தான். அந்த வலையின் மேல் புதிய உள்பூச்சு படர்ந்து மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை பிளேட்லெட்டை அடக்கி வைக்கத்தான் இரண்டு மாத்திரைகள். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக ஒரு வருடம் வரை இரண்டையும் சேர்த்துக் கொடுப்போம். உங்கள் அம்மா இன்னும் அதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

இந்த மாத்திரைகள் ரத்தத்தை நீர்க்க வைப்பதே இல்லை. "ரத்தம் நீர்க்க மாத்திரை" என்று மருத்துவர்களாகிய நாங்களே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டோம், தப்பு எங்கள் பக்கம்தான். ரத்தத்தின் அடர்த்தி அப்படியேதான் இருக்கும். ஆஸ்பிரின் திராம்பாக்சேன் தயாரிக்கும் நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. குளோபிடோக்ரெல் ஏடிபியின் அழைப்பைக் கேட்கும் காதை அடைக்கிறது. உட்கரு இல்லை என்றேனே, அது இங்கேதான் தேவைப்படுகிறது. உட்கரு இல்லாததால் முடங்கிய நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள பிளேட்லெட்டால் முடியாது. சாகும்வரை அது ஊமைதான். தினமும் சுமார் பத்தில் ஒரு பங்கு பிளேட்லெட் புதிதாக வரும். மாத்திரையை நிறுத்தினால் புதியவை சேர்ந்து பலம் பெற ஐந்து நாள், ஒரு வாரம் ஆகிறது. பெரிய அறுவை சிகிச்சைகளுக்குச் சொல்லும் "ஐந்து நாள்" கணக்கு இப்படி வந்ததுதான். அது உங்கள் உறவினர் காதுக்கும் எட்டியிருக்கிறது. ஒரு பல்லுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ஆக, கன்றிப்போவது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். வயதாக ஆகத் தோல் மெலிவதும் சேர்ந்துகொள்ளும். 1,28,000 என்ற எண்ணுக்கும் அதற்கும் அநேகமாகச் சம்பந்தமில்லை.

சரி, அந்த எண்? ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இயல்பு என்பார்கள். 50,000க்குக் கீழே போனால்தான் அறுவை சிகிச்சைக்குத் தயங்குவோம். 10,000க்குக் கீழே அடிபடாமலே ரத்தம் கசியலாம். அம்மாவின் எண் அந்த இடத்துக்கெல்லாம் வெகு தூரம். ஆனாலும் இரண்டு காரியம் செய்யுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள். நான்கு வருடமாக 1,30,000த்தைச் சுற்றியே இருந்திருந்தால் அது அவருடைய சுபாவம். ஸ்டென்ட் வைத்த சமயத்தில் 2,60,000 இருந்து இப்போது பாதியாகியிருந்தால் காரணம் தேட வேண்டும். கல்லீரல், மண்ணீரல், புதிதாகச் சேர்த்த மருந்துகள் எல்லாவற்றையும் பார்ப்போம். அடுத்தது, ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு, ரத்தம் உறையாமலிருக்கப் பரிசோதனைக் குழாயில் போட்டிருக்கும் ஈடிடிஏ என்ற ரசாயனம் பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அந்தக் கொத்தைப் பிளேட்லெட்டாக எண்ணாமல் விட்டுவிடும். உடம்பில் குறையே இருக்காது, காகிதத்தில் மட்டும் குறையும். ஈடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் போட்ட குழாயில் திரும்ப எடுத்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள் வேறு: கணுக்காலைச் சுற்றிக் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் வந்து அழுத்தினாலும் மறையாமல் இருப்பது, தார் மாதிரிக் கறுப்பாக மலம் போவது, மூக்கிலோ ஈறிலோ தானாக வந்து நிற்காத ரத்தம், திடீரென்று கடுமையான தலைவலி.

இனி பல். பல் மருத்துவரிடம் இரண்டு மாத்திரையின் பெயரையும் ஸ்டென்ட் வைத்த தேதியையும் எழுதிக் கொடுங்கள். இதய மருத்துவரோடு அவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஒரு போன் பேச்சுக்கு நான் ரொம்ப மதிப்பு வைத்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்தாமலேயே ஒரு பல்லைப் பிடுங்குவது இன்று வழக்கமான நடைமுறை. வாய்க்குள் ரத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், அழுத்தி நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அப்படி எதுவும் செய்ய முடியாது. தேவைப்பட்டால் தையல் போடுவார்கள், குழிக்குள் உறைய வைக்கும் பஞ்சு வைப்பார்கள். காலை நேரத்தில் போங்கள். கசிவு நீடித்தால் மறுபடி போக அன்று பகல் முழுக்க மிச்சமிருக்கும்.

பிடுங்கியதும் துணியை அரைமணி நேரம் நன்றாகக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து "நின்றுவிட்டதா" என்று பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கட்டிய அடைப்பு துணியோடு பிய்ந்து வரும். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்க வேண்டாம். உமிழ்நீரில் இளஞ்சிவப்புக் கலந்து வருவது சகஜம். வாய் நிறைய ரத்தம் வந்துகொண்டே இருந்தால் புதிய துணியைக் கடித்தபடியே கிளம்பிவிடுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரூஃபென் வேண்டாம். ரத்தக்கசிவைக் கூட்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய அதே இடத்தில் ஐபுப்ரூஃபென் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆஸ்பிரின் ரத்தத்தில் கொஞ்ச நேரமே இருக்கும். இடம் காலியாவதற்குள் அது கரைந்து போயிருக்கும். அன்றைக்கு அம்மா மாத்திரையைச் சாப்பிட்டும் சாப்பிடாத மாதிரிதான்.