தூக்க மாத்திரையும் ஹிப்னாடிசமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஹிப்னாடிசம் செய்யும்போது ஆள் தூங்கிவிடுகிறாரா? பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

பதில்: இல்லை. கண் மூடியிருக்கும், உடம்பு தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால், விழித்திருப்பவரின் அலைகளே வருகின்றன. 1976-இல் பான்யாய், ஹில்கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள், உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தவர்களையே ஹிப்னாடிச நிலைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மிதித்துக்கொண்டே யார் தூங்குவார்?

கேள்வி: அப்படியென்றால் தூக்கம் வராதவருக்கு அதனால் என்ன பயன்? மாத்திரையை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா?

பதில்: ஹிப்னாடிசம் தூக்கம் இல்லைதான். ஆனால் அதற்குப் பிறகு வரும் தூக்கத்தை அது மாற்றக்கூடும். சூரிச் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு இதைப் பார்த்தது. ஆரோக்கியமான இளம்பெண்களுக்குப் பகல் தூக்கத்துக்கு முன் ஓர் ஒலிப்பதிவைப் போட்டார்கள். ஆழ்ந்து தூங்கச் சொல்லும் பேச்சு, கடலுக்குள் கீழே கீழே நீந்திப் போகும் மீனின் வர்ணனையோடு. எளிதில் ஹிப்னாடிசத்துக்கு வசப்படும் பெண்களுக்கு, சாதாரணப் பேச்சைக் கேட்ட நாளைவிட ஆழ்துயிலின் நேரம் சுமார் 80 சதவீதம் கூடியது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எளிதில் வசப்படாதவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்த வசப்படும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும். அதை அளக்க 1959-லேயே ஸ்டான்ஃபோர்டில் அளவுகோல் வகுத்துவிட்டார்கள். 25 ஆண்டு கழித்து அதே ஆட்களை மறுபடி சோதித்தபோதும் மதிப்பெண் பெரிதாக மாறவில்லை. அப்புறம், அந்த சூரிச் பெண்கள் யாரும் நோயாளிகள் இல்லை. வருடக்கணக்கில் தூக்கமின்றித் தவிப்பவருக்கு இதை மட்டும் நம்பச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கேள்வி: மாத்திரை போட்டால் வரும் தூக்கம் நிஜத் தூக்கமா?

பதில்: தூக்கம்தான், ஆனால் அதன் அமைப்பு மாறியிருக்கும். டயசெபாம் வகை மாத்திரைகள், மூளையை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகின்றன. சீக்கிரம் கண் அசரும், நடுவில் விழிப்பது குறையும். ஆனால் கூடுவது பெரும்பாலும் இடைநிலைத் தூக்கம், ஆழ்துயில் குறைந்துவிடும். 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுவோரெக்சன்ட் என்ற தூக்க மாத்திரை வேறு வழியில் போகிறது. நம்மை விழிப்பில் வைத்திருக்கும் ஒரெக்சின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கிறது.

கேள்வி: என் அம்மா பல மாதமாகத் தினமும் தூக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாள் விட்டால்கூடத் தூக்கமே இல்லை. வியாதி முற்றிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் அது வியாதி இல்லை, மாத்திரை விட்டதன் எதிர்வினை. மூளை மருந்துக்குப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் முதல் சில ராத்திரிகள் முன்னைவிட மோசமாகத்தான் இருக்கும். பலர் அந்த ராத்திரிகளைப் பார்த்துப் பயந்துதான் மறுபடி மாத்திரையைத் தொடுகிறார்கள். டயசெபாம் வகையாக இருந்தால் வலிப்புகூட வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில், வாரக்கணக்கில் அளவைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். வயதானவர் என்றால் குறைப்பது அவசியமும்கூட. ராத்திரி எழுந்து நடக்கும்போது விழுந்து எலும்பு முறிவது இந்த மாத்திரைகளின் பழைய பிரச்சினை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் நிறுவனங்கள் கொடுத்திருந்த சோதனைத் தரவுகளைத் திரட்டி, சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் தூக்கம் வரும் நேரம் சராசரியாக 22 நிமிடம்தான் குறைந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பலன் இருந்தது, மொத்தப் பலனில் ஏறக்குறைய பாதி. ‘மாத்திரை போட்டாச்சு, தூங்கிடுவோம்’ என்ற நம்பிக்கையே அவ்வளவு செய்கிறது. அந்தக் கட்டுரை ஆசிரியர்களில் ஒருவரான அர்விங் கிர்ஷ் ஹிப்னாடிச ஆய்விலும் பெயர் பெற்றவர். எதிர்பார்ப்பு மனிதனை என்ன செய்யும் என்பதுதான் இரண்டிலும் அவர் கேட்ட கேள்வி.

மாத்திரைக்கு முன் முயலவேண்டியது, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மருந்தில்லாமல் மாற்றுவது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் அதையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது.

கேள்வி: சோல்பிடெம் பெண்களுக்கு ஏன் பாதி அளவு?

பதில்: பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுகிறது. காலையிலும் ரத்தத்தில் மிச்சம் இருந்து, வண்டி ஓட்டும்போது தடுமாற வைக்கும். அதனால்தான் 2013-இல் அமெரிக்காவில் 10 மில்லிகிராமை 5 ஆக்கினார்கள். ஆணோ பெண்ணோ, சோல்பிடெம் போட்டுத் தூக்கத்திலேயே எழுந்து நடந்ததாக வீட்டார் சொன்னால் மட்டும் அதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மாத்திரை போடும் நாளில் கொஞ்சம் மது?

பதில்: கூடவே கூடாது. மூச்சு அடங்கிவிடலாம்.

கேள்வி: ஊசி போட்டோ ஹிப்னாடிசம் செய்தோ உண்மையை வரவழைக்க முடியுமா?

பதில்: பேச்சை வரவழைக்கலாம், உண்மையை அல்ல. ஸ்கோபோலமைன் என்ற மயக்கும் மருந்தை ‘உண்மை மருந்து’ என்று 1920-களில் கொண்டாடினார்கள், பிறகு பார்பிட்யூரேட் என்ற மயக்க மருந்து ஊசிகள் வந்தன. மயக்கத்திலும் ஆட்கள் பொய் சொல்வார்கள், கற்பனையையும் கலப்பார்கள். ஹிப்னாடிசத்தில் கூடுதல் விவரம் வரும், தவறும் அதோடு வரும். சொல்பவருக்கோ எல்லாமே நடந்தது போல உறுதி வந்துவிடும். நீதிமன்றத்தில் இதைவிட ஆபத்தான சாட்சி வேறில்லை.