காசு கேள்வி: 'அனுபவம்' என்ற இடத்தில் என்ன எழுத?

கேள்வி: அக்கா, நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறார். கம்பெனிகளுக்குப் பங்கு வெளியீடு, கைமாற்றம் எல்லாம் முடித்துக் கொடுக்கும் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கில் இன்டர்ன்ஷிப் செய்ய எனக்கு ஆசை. பெரிய வங்கிகளின் இணையதளங்களில் விண்ணப்பம் போட்டு அலுத்துவிட்டது. ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. 'அனுபவம்' என்ற இடத்தில் எழுத ஒன்றுமே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு, அம்மாவின் தண்டல் (தினம் கட்டும் கடன்) நோட்டு எழுதுவதுதான். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், காசிமேடு)

பதில்: தண்டல் நோட்டு எழுதுகிறாயா? அதை ஏன் தங்கச்சி கடைசி வரியில் ஒளித்து வைத்தாய்?

அந்த நோட்டை எடு. நான் வளர்ந்த கல்மண்டபத்தில் 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்டவேண்டும். உங்கள் பக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வட்டி 15 சதவீதம் என்பார் அம்மா. வாங்கியதே 8,500தானே, அப்படியானால் 17.6 என்று நீ திருத்துவாய். இரண்டும் தப்பு. கட்ட ஆரம்பித்த நாளிலிருந்தே அசல் கரைகிறது. முழுப் பணமும் 100 நாள் அம்மாவிடம் இருப்பதில்லை. எக்செல்லில் 8,500 வரவு, அதன் கீழே 100 நாளுக்கும் நூறு நூறாகப் பற்று என்று அடுக்கி ஐ.ஆர்.ஆர். (பற்றெல்லாம் இன்றைய மதிப்பில் வரவுக்குச் சமமாகும் வட்டி விகிதம்) போட்டுப் பார். ஒரு நாளைக்குச் சுமார் 0.33 சதவீதம். கூட்டுவட்டி சேர்க்காமலே வருடத்துக்குச் சுமார் 120 சதவீதம்! ஒரு கம்பெனிக்கு இனி வரப்போகும் பணத்தை இன்றைய விலைக்குக் கொண்டுவரும் டி.சி.எஃப். கணக்குக்கும் அடிப்படை இதுதான்.

ஆகவே 'வீட்டுத் தொழிலின் தினசரிக் கடன் கணக்கை எழுதினேன், அதன் உண்மையான வட்டியைக் கணக்கிட்டேன்' என்று பயோடேட்டாவில் கூசாமல் எழுது. (வீட்டில் யாராவது சீட்டும் பிடித்தால் அதை மட்டும் எழுதாதே. பதிவு செய்யாமல் லட்ச ரூபாய்ச் சீட்டு நடத்துவது 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைப் பெருமையாகச் சொன்ன ஒரு பையனைப் பார்த்து எங்கள் அதிகாரி பேனாவை மூடி வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.)

எங்கே அனுப்புவது? பெரிய வங்கிகள் ஐ.ஐ.எம். மாதிரி இடங்களுக்கு நேரே போய் ஆள் எடுப்பவை. அவற்றின் இணையதளத்தில் நீ போடும் விண்ணப்பம் பக்கிங்ஹாம் கால்வாயில் விட்ட காகிதக் கப்பல். சின்ன இடங்களைத் தேடு. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் இணையதளத்தில், பதிவு பெற்ற மர்ச்சன்ட் பேங்கர்களின் (பங்கு வெளியீட்டை நடத்திக் கொடுப்பவர்கள்) பட்டியல் முகவரியோடு இருக்கிறது. சிறு நிறுவனங்களின் பங்கு வெளியீட்டுக்காக 2012இல் தொடங்கிய பி.எஸ்.இ. எஸ்.எம்.இ., என்.எஸ்.இ. எமர்ஜ் தளங்களில் வரைவு ஆவணங்களும் இலவசம். ஆவணத்தின் முகப்பிலேயே, வெளியீட்டை நடத்தும் நிறுவனம் எது, அங்கே யாரைத் தொடர்புகொள்வது, மெயில் என்ன என்று அச்சடித்திருப்பார்கள். கவனம், அங்கே இரண்டு மெயில் இருக்கும். முதலீட்டாளர் புகாருக்கான மெயிலுக்கு என் பயோடேட்டாவை அனுப்பிவிட்டு இரண்டு வாரம் பதிலுக்குக் காத்திருந்தவள் நான். புகார் எண் ஒன்று வந்தது.

மெயில் ஐந்து வரி போதும். கூடவே ஒரு கம்பெனியின் மதிப்பைப் பற்றி நீயே எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை வை. கம்பெனிக்கு எங்கும் அலைய வேண்டாம். எண்ணூர் பஸ்ஸில் ஏறு. எண்ணூரில் இருக்கும் அசோக் லேலண்டை 1987இல் இந்துஜா குழுமம் வாங்கியது. வழியில் திருவொற்றியூரில் புல்லட் செய்த என்ஃபீல்டு இந்தியா 1994இல் ஐஷர் கைக்குப் போனது. கம்பெனி கைமாறுவதைத்தானே நீ படிக்கப்போகிறாய்? ஐஷரையே எடுத்துக்கொள். சந்தை மதிப்போடு கடனைக் கூட்டி, ரொக்கத்தையும் முதலீடுகளையும் கழி. வருவதை எபிட்டாவால் (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) வகுத்து, பஜாஜ், டி.வி.எஸ்., ஹீரோவோடு ஒப்பிடு. ஒரு பொறி உண்டு. ஐஷருக்கு வால்வோவோடு சேர்ந்து லாரி செய்யும் கூட்டு நிறுவனம் இருக்கிறது. அதன் லாபம் எபிட்டாவுக்குள் வராது, ஆனால் பங்கு விலைக்குள் இருக்கும். அந்தக் கூட்டு நிறுவனத்தில் ஐஷருக்கு இருக்கும் பங்கின் மதிப்பையும் கழித்துவிட்டுத்தான் வகுக்கவேண்டும். அப்படிக் கழித்திருக்கும் குறிப்பு என் மேசைக்கு வந்திருந்தால் அன்றைக்கே போன் செய்திருப்பேன்.

இன்டர்வியூவில் இது நிச்சயம் வரும்: தேய்மானம் (படகு மாதிரிச் சொத்து பழசாக ஆகக் கணக்கில் குறைக்கும் மதிப்பு) 10 ரூபாய் கூடினால் என்ன ஆகும்? மும்பை நாரிமன் பாயின்டில் என் முதல் இன்டர்வியூவில் 'லாபம் குறையும், பணமும் குறையும்' என்றேன். டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொள். லாபம் 7.50 குறையும். தேய்மானத்துக்காகக் கையிலிருந்து பணம் போகவில்லை, அதனால் 10ஐத் திரும்பக் கூட்டு. ரொக்கம் 2.50 கூடும், அது வரியில் மிச்சம். பேலன்ஸ் ஷீட்டில் படகின் மதிப்பு 10 இறங்க, ரொக்கம் 2.50 ஏற, சொத்தில் 7.50 குறைவு. எதிர்ப் பக்கத்தில் சேர்ந்த லாபமும் அதே 7.50 குறையும். அம்மாவிடம் இதைத் தமிழில் விளக்கிப் பார். அம்மா குறுக்குக் கேள்வி கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்.

கேள்வி: சென்னையிலேயே ஒரு வெளிநாட்டு வங்கியில் இன்டர்ன்ஷிப் வந்திருக்கிறது. இதுவும் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்தானே அக்கா?
(மாணவர், வியாசர்பாடி)

பதில்: சேருமுன் ஒன்று கேள் தம்பி: 'நான் முடித்துக் கொடுக்கும் வேலை யாரிடம் போகும்?' மும்பையிலோ லண்டனிலோ டீல் பார்க்கும் குழுவிடம் என்றால் யோசிக்காமல் சேர். செட்டில்மென்ட் (முடிந்த வியாபாரத்தின் பணத்தையும் பங்கையும் கைமாற்றிக் கொடுப்பது), மாதக் கடைசிக் கணக்குச் சரிபார்ப்பு என்றால் அது வேறு உத்தியோகம். மோசமில்லை, ஆனால் அங்கிருந்து டீல் பக்கம் தாவுவது சிரமம். கையில் வேறெதுவும் இல்லையென்றால் அதிலும் சேர்.

கேள்வி: நான் இங்கிலீஷ் பேசினால் நார்த் மெட்ராஸ் வாடை அடிக்கிறது என்கிறார்கள்.
(கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை)

பதில்: எனக்கும் அடிக்கும். அதற்காக யாரும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. நான் தடுமாறியதெல்லாம் கோடியை மில்லியனாக மாற்றிச் சொல்லும்போதுதான். ஒரு கோடி என்றால் 10 மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது சொல்லிப் பழகு, அங்கே நேரத்துக்குக் குறைவில்லை.