என்ஜினே உள்ளே போகவில்லை, அதற்குள் பெயிண்டுக்குக் கடனா?

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கி ஒன்றரை வருடமாக நானே பிரித்துப் போட்டு வேலை பார்த்து வருகிறேன். என்ஜின் இன்னும் வெளியேதான் இருக்கிறது. முழு பெயிண்டுக்கு ஒரு நல்ல பட்டறையில் விலை கேட்டேன், என் இரண்டு மாதச் சம்பளம் சொல்கிறார்கள். கையில் அரை மாதச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. மீதியை கிரெடிட் கார்டில் போட்டுத் தவணையாகக் கட்டலாமா, அல்லது அதில் பாதி விலைக்கு இரண்டே நாளில் அடித்துத் தருகிறேன் என்கிற பெயிண்டரிடம் விட்டுவிடலாமா?

பதில்: கார்டு வேண்டாம். பெயிண்டரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், நீங்கள் நினைப்பது போல அவர் அவ்வளவு மோசமான தேர்வு இல்லை.

முதலில் கடன் கணக்கு. கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டிக்கு வட்டி ஏறி ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். தவணைத் திட்டமாக மாற்றினால் வட்டி குறையலாம், ஆனால் செயல்பாட்டுக் கட்டணம், வரி, முன்கூட்டியே முடித்தால் அபராதம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். நாளைக்கே காரை விற்க நேர்ந்தால் பெயிண்டுக்குப் போட்ட காசு முழுசாகத் திரும்பி வராது. அது உங்கள் ஆசைக்கான செலவு, அதில் தப்பே இல்லை, ஆனால் ஆசைக்கான செலவைச் சேமிப்பிலிருந்துதான் செய்ய வேண்டும். இந்த மாதிரி கார் வேலை ஒரு பாகம் கிடைக்காமல் ஆறு மாதம் சும்மா நிற்கும். தவணை அப்படி நிற்காது.

அதோடு இப்போது அவசரமும் இல்லை. பெயிண்ட் கடைசியில் வர வேண்டிய வேலை. நானும் ஒரு காலத்தில் இதே பைத்தியத்தில் இருந்தவன்தான், முதலில் பளபளவென்று அடித்து வைத்தால் உற்சாகமாக வேலை பார்க்கலாம் என்று நினைத்து அடித்துவிட்டு, அப்புறம் என்ஜினை உள்ளே இறக்கும்போது சங்கிலி ஆடி முன் மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறியது. உலோகம் தெரிந்தது. அந்த மட்கார்டை மட்டும் மறுபடி அடித்தும் பக்கத்துக் கதவோடு நிறம் ஒட்டவே இல்லை, மெட்டாலிக் நிறத்தில் அது அப்படித்தான்.

சரி, அந்த இரண்டு மாதச் சம்பளம் எங்கே போகிறது? பெரும்பகுதி கூலி. பெயிண்ட் துப்பாக்கியைப் பிடித்து நிறம் தெளிப்பது சில மணி நேர வேலை. அதற்கு முன்னால் விளக்கு, பம்பர், கைப்பிடி, ரப்பர் பீடிங் எல்லாம் கழற்றி, ஒடுக்கு எடுத்து, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்ப்பதற்குத்தான் நாள் கணக்கில் ஆள் கூலி ஓடுகிறது. பாதி விலைக்காரர் இதைத்தான் விட்டுவிடுகிறார். பளபளப்பைச் சரியாகத் தேய்க்காமல் அடித்தால் புதுப் பெயிண்டுக்குப் பிடிமானம் இருக்காது, பீடிங்கைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்தால் அந்த ஓரத்திலிருந்துதான் முதலில் உரிய ஆரம்பிக்கும்.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். அவர் செய்யாமல் விடுகிற வேலையை நீங்கள் செய்துவிட்டால்? காரைப் பிரிக்கத் தெரிந்தவர் நீங்கள், பீடிங் கழற்றுவது பெரிய வித்தையா? கழற்றிய திருகுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். தேய்ப்பதற்கு முன் மெழுகு, சிலிக்கான் போக நன்றாகத் துடையுங்கள். அப்படியே தேய்த்தால் அது கீறலுக்குள் இறங்கி, பின்னால் பெயிண்டில் மீன் கண் மாதிரி குழி குழியாகத் தெரியும். பட்டியை 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் வடிவத்துக்குக் கொண்டுவந்து, 180, 320 என்று போய், பிரைமருக்குப் பிறகு 400, 600 வாட்டர் பேப்பர். தாளை வெறும் விரலால் அழுத்தாமல் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம். சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணை நம்பாதீர்கள். ஒரு மெல்லிய பருத்தித் துணியைத் தேய்த்த தகட்டின் மேல் போட்டு, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும்.

துரு மட்டும் விதிவிலக்கு. பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் தெரிந்தால் அதை வெட்டி எடுத்து வெல்டிங் வைக்காமல் மேலே எதை அடித்தாலும் வீண். பிரைமர் அடித்துவிட்டு மாதக்கணக்கில் மழையில் நிறுத்துவதும் கூடாது, சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அடியில் மறுபடி துரு கிளம்பும். ஆகவே பெயிண்டர் தேதி கொடுத்த பிறகு பிரைமரைத் தொடுங்கள்.

கம்ப்ரசர் வாங்கி நானே தெளிக்கிறேன் என்று மட்டும் கிளம்ப வேண்டாம். ஒரு காருக்காக வாங்கும் கருவிக்குச் செலவு கட்டாது. அதைவிட, 2கே பெயிண்டில், அதாவது இரண்டு பாகமாக வந்து கலந்து அடிக்கும் பெயிண்டில், இறுக வைக்கச் சேர்க்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைப் பிடித்தால் ஆயுசுக்கும் ஆஸ்துமா வரலாம், துணி முகக்கவசமோ தூசி மாஸ்கோ அதைத் தடுக்காது. அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் காசு கொடுங்கள்.

நிறத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் கதவின் உள்ஓரம், டிக்கி, என்ஜின் அறை எல்லாம் அடிக்க வேண்டும், பல இடங்களில் பதிவுச் சான்றிதழிலும் திருத்த வேண்டியிருக்கும். மெட்டாலிக் இல்லாத ஒற்றை நிறமாக இருந்தால் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு இல்லாமலே முடிக்கலாம், பொருள் செலவும் குறையும், நாளை கீறல் விழுந்தால் ஒட்டுப்போடவும் சுலபம்.

இரண்டு பேரிடமும் போய், பொருள் எவ்வளவு, டிங்கரிங் எவ்வளவு, தேய்ப்பு எவ்வளவு, தெளிப்பு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தேய்த்துக் கொண்டுவந்தால் ஏற்பீர்களா, பிறகு உரிந்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள், சில பட்டறைகள் வாடிக்கையாளர் தேய்த்ததைத் தொடவே மாட்டார்கள். உதாரணத்துக்கு விலை ஒரு மாதச் சம்பளத்துக்கு இறங்கியது என்று வையுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும், அதற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். கையில் அரை மாதச் சம்பளம் இருக்கிறது. மாதம் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு எடுத்து வைத்தால் ஏழு மாதத்தில் வட்டியில்லாமல் முடிந்துவிடும், உங்கள் வேகத்துக்கு என்ஜின் இறக்கவே அவ்வளவு நாள் ஆகும் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பொருளுக்கான பணத்தை மட்டும் முன்பணமாகக் கொடுங்கள். மீதியைக் கொடுப்பதற்கு முன் காரைப் பட்டறை விளக்கில் பார்க்காமல் வெயிலில் இழுத்து நிறுத்திப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், மிஞ்சிய பெயிண்டை ஒரு சின்ன டப்பாவில் நிறக் குறியீட்டோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.