1955 ஷெவ்ரோலே 3100: கார்புரேட்டரை யாரிடம் கொடுப்பது?

வணக்கம் நண்பரே. உங்கள் பிக்கப் வண்டியில் 235 கன அங்குல இன்ஜின், ரோச்செஸ்டர் பி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்), பழுதுபார்க்கும் கிட் வாங்கி இரண்டு முறை மாற்றியும் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) சீராக நிற்கவில்லை, தெரிந்த ஆளிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை.

த்ராட்டில் ஷாஃப்டின் (கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் தண்டின்) நுனியை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று புகுகிறது. கிட்டில் வருவது கேஸ்கெட், நீடில், ஆக்சிலரேட்டர் பம்ப் போன்ற சின்ன உதிரிகள்தான். ஷாஃப்ட் நுழையும் தேய்ந்த ஓட்டையை அது என்ன செய்யும்? ஓட்டையைப் பெரிதாக்கி, வெண்கல புஷ் (சின்னக் குழாய் வளையம்) இறக்கி, ஷாஃப்ட் சிக்காமல் சுழலும்படி ரீமர் (ஓட்டையைத் துல்லிய அளவுக்குச் செதுக்கும் கருவி) போட வேண்டும். அதனால் போனில் முதலில் கேட்க வேண்டியது, "ஷாஃப்டுக்கு புஷ் போடுவீர்களா?" என்றுதான். கழுவி, கிட் மாற்றித் தருகிறேன் என்பவர் நமக்கு வேண்டாம்.

மேல்மூடி வளைந்திருக்கிறதா என்று பார்ப்பாரா, எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் பம்ப் போடுவாரா, உங்கள் கார்புரேட்டர் பாடியையே திருப்பித் தருவாரா என்பதையும் கேளுங்கள். மாற்றுப் பாடி வாங்காதீர்கள், அதன் தேய்மானம் நமக்குத் தெரியாது.

ஆள் தேட, வின்டேஜ் ஷெவ்ரோலே கிளப் ஆஃப் அமெரிக்காவின் உள்ளூர்க் கூட்டத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். இதே இன்ஜின் சீராக ஓடும் வண்டிக்காரரிடம் யார் செய்தது என்று கேளுங்கள்.

அப்புறம், பார்சலில் அனுப்பினால் பெட்ரோலை முழுக்க வடித்து, நன்றாக உலரவைத்து அனுப்புங்கள். கழற்றும்முன் லிங்கேஜை (கார்புரேட்டரை ஆக்சிலரேட்டருடன் இணைக்கும் கம்பிகளை) படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் எவ்வளவு ஆடுகிறது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.