பழைய பிக்கப் வாங்கினேன், காலியாக நிற்கும்போதே பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பட்டை சேர்த்தால் சரியாகுமா?

பட்டை என்பது பின் ஆக்சிலில் (சக்கர அச்சில்) அடுக்காகக் கட்டி எடையைத் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் தகடு. இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். ஏன் உட்கார்ந்தது என்று தெரிந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் என்னால் ஊகிக்க முடிகிறது. புரோக்கர் மூலமாக வாங்கியிருப்பீர்கள். பார்க்கப் போன அன்று வண்டி நிமிர்ந்துதான் நின்றிருக்கும். இரண்டு மாதம் லோடு அடித்ததும் வால் இறங்கியிருக்கும். கேள்வியைப் படித்ததும் வயிறு எரிந்தது, அதனால்தான் எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மூன்று முறை காசை விட்டவன், அவ்வளவுதான் என் தகுதி.

2021-இல், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுவதற்காக 2014 மாடல் பொலேரோ பிக்கப் ஒன்று வாங்கினேன். ஏறத்தாழ 1.3 டன் ஏற்றும் வகை. கீழே குனிந்து பார்க்காமல் வாங்கவில்லை, பார்த்தேன். பின் பட்டை இரண்டு பக்கமும் புதுக் கறுப்புப் பெயிண்டில் பளபளத்தது. ஓனர் வண்டியை நன்றாக வைத்திருக்கிறார் என்று மனசுக்குள் பாராட்டினேன். ஏழு வருடம் மண் ரோட்டில் ஓடிய வண்டிக்குப் பட்டையில் மட்டும் எதற்குப் புதுப் பெயிண்ட் என்று கேட்கத் தோன்றவில்லை.

வால் இறங்கியது எனக்குத் தெரியும் முன்பே எதிரில் வருகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரி லோடோடு போனால் எல்லோரும் எனக்கு லைட்டை வெட்டி வெட்டிக் காட்டினார்கள். முன்னால் செக்கிங் நிற்கிறது, நமக்கு நல்லது சொல்கிறார்கள் என்று நினைத்து இரண்டு வாரம் நானும் பதிலுக்கு ஹாரன் அடித்து நன்றி சொல்லிக்கொண்டு போனேன். டீக்கடையில் ஒரு லாரி டிரைவர்தான் சொன்னார்: “அண்ணே, உங்க லைட்டு மரத்து உச்சிக்கு அடிக்குது. பின்னாடி போய்ப் பாருங்க.” பின்பக்கம் உட்கார்ந்தால் மூக்கு தூக்கும், லோ பீம் கூட எதிராளி கண்ணில்தான் விழும். உங்களுக்கும் இப்படி யாராவது லைட் காட்டுகிறார்களா என்று கவனியுங்கள்.

சரி, முதல் முட்டாள்தனம். ஷாக் அப்சர்வர் போய்விட்டது என்று ஒருவர் சொன்னார், இரண்டும் மாற்றினேன், 3,800 ரூபாய். வண்டி ஒரு விரல்கடை கூட எழவில்லை. எழாது. சாதாரண ஷாக் அப்சர்வர் எடையைத் தாங்குவதில்லை, பட்டை குதிப்பதை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. எடை முழுவதும் பட்டை மேல்தான். இதைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். உங்கள் வண்டியில் ஷாக் ஒழுகினால் மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்த வண்டி அதனால் எழுந்து நிற்காது.

இரண்டாவது முட்டாள்தனம் நீங்கள் கேட்டதேதான். பக்கத்து ஊர்க் கடையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் பட்டை சேர்த்தேன். என் பட்டைகள் 8 மி.மீ. கனம். கடையில் இருந்தது 10 மி.மீ. “ரெண்டு மில்லிதானே, இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்” என்றார். நானும் தலையாட்டினேன். பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பது பிறகுதான் தெரிந்தது. 10-ஐ 8-ஆல் வகுத்து, வந்ததை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டு வரும். அதாவது ஒவ்வொரு பக்கமும் நான் சேர்த்தது ஒரு பட்டைக்குச் சமம் இல்லை, இரண்டுக்குச் சமம்.

வண்டி சேவல் மாதிரி நிமிர்ந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் காலியாகப் போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின் சக்கரம் தனியாகக் குதித்தது. ஒருமுறை அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது பஸ்ஸில் வந்துவிட்டார். பாதி லோடில் போனால் அடிப்பெட்டித் தக்காளி சாறாக வடிந்தது. இன்னொன்று, சில பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டத்துக்கும்) நடுவில் கம்பியோடு ஒரு வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து லோடைக் கணக்கிட்டு, பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்பும். பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கினால், லோடு இருக்கும்போதும் காலி வண்டி என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் அது இருந்தால், பட்டையில் கை வைத்த பிறகு அதைச் சரிபார்க்காமல் ரோட்டில் இறக்காதீர்கள்.

நான்காம் மாதம் திண்டுக்கல் ரோட்டில் “டங்” என்று ஒரு சத்தம். இடது பக்கம் படுத்துவிட்டது.

அப்படித்தான் திண்டுக்கல்லில் ஒரு ஸ்பிரிங் ஒர்க்ஸுக்குப் போய்ச் சேர்ந்தேன். அறுபது வயசு பாய் ஒருவர். இடது பக்கப் பட்டை அடுக்கை, அதாவது செட்டை, இறக்கி, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றி, பட்டைகளைப் பெரியதிலிருந்து சின்னது வரை சிமெண்ட் தரையில் வரிசையாகப் போட்டார். இரண்டாவது பட்டை முனைப்பக்கம் முறிந்திருந்தது. முறிந்த இடம் வெள்ளி மாதிரி மின்னியது, அன்றைக்கு உடைந்தது. நான் போட்ட கனமான பட்டையின் நுனி அதே இடத்தில்தான் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் சுத்தியலால் மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாம் மணி மாதிரி கேட்டது, மூன்றாவது மட்டும் “டொக்”. அதை எடுத்து சென்டர் போல்ட் ஓட்டைப் பக்கம் காட்டினார். மயிரிழைக்கு ஒரு விரிசல், உள்ளே துரு. “இது உங்க கையில ஆனது இல்ல தம்பி. பழசு.” செட்டை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யு போல்ட்டின் தட்டுக்கு அடியில் மறைந்திருந்ததால் கீழே எத்தனை முறை குனிந்தாலும் தெரிந்திருக்காது.

பிறகு பெயிண்டைச் சுரண்டினார். கீழே நீலமும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி, தட்டையாகிப்போன பட்டையை வளைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் இரும்பு முழுப் பட்டையும் சிவக்கக் காய்ந்து, எண்ணெயில் முக்கி, மறுபடி அளவான சூட்டில் பதம் வந்தால்தான் ஸ்பிரிங். நடுவில் மட்டும் நெருப்புக் காட்டி வளைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும், பார்க்க வளைவாக இருக்கும், பத்து லோடில் படுத்துவிடும். புரோக்கர் கண்ணுக்கு அது போதும். புதுப் பெயிண்ட் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பாய் என் 10 மி.மீ. பட்டைகளைத் தூக்கி ஓரமாகப் போட்டார். கம்பெனி அளவிலேயே, அதே கனம், அதே எண்ணிக்கையில் இரண்டு பக்கமும் புது செட், ஷேக்கில் புஷ் (பட்டை முனை அசையும் இடத்தில் இருக்கும் வளையம்), புது யு போல்ட். கூலியோடு 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். “ஒரு கால்ல புது செருப்பு போட்டு நடப்பீங்களா?” என்றார். பழைய யு போல்ட்டை மறுபடி போடவே மாட்டேன் என்றும் சொன்னார், இழுத்து நீண்டது திரும்ப இறுகிப் பிடிக்காதாம்.

இந்நேரம் ஒருவர் “ஓவர்லோடு ஏற்றாதே, எல்லாம் தானாகச் சரியாகும்” என்று கமெண்ட் எழுத ஆரம்பித்திருப்பார். ஐயா, தெரியும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 தனி என்பதும் தெரியும். நான் 90 பெட்டிக்கு மேல் ஏற்றியதில்லை. 14 கிலோ பெட்டி, 1,260 கிலோ. ஆனால் பிளாஸ்டிக் பெட்டியின் எடையை யாரும் சேர்ப்பதில்லை, நானும் சேர்க்கவில்லை. ஒன்றுக்கு ஒன்றரை கிலோ என்றாலும் 135 கிலோ. ஆக, நானும் யோக்கியன் இல்லை. இப்போது 80 பெட்டி.

உண்மையில் என் பட்டையை ஒடித்தது தக்காளி இல்லை, சொந்தக்காரர்கள். பிக்கப் வாங்கிய மறுநாளே எனக்கு ஊரெல்லாம் உறவு முளைத்துவிட்டது. வீடு மாற்ற, கல்யாணத்துக்கு நாற்காலி எடுக்க, வைக்கோல் ஏற்ற. பெரியப்பா மகன் வீடு கட்டும்போது “அரை யூனிட் எம்சாண்ட்தானே தம்பி, பக்கத்துலதான்” என்று எடுத்துப்போனார். அரை யூனிட் என்றால் 50 கன அடி, இரண்டு டன்னுக்கு மேல் வரும். மூன்று நடை அடித்திருக்கிறார். திரும்ப வந்தபோது டீசல் முள் சிவப்பில், தொட்டியெல்லாம் மணல், வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியை என் பையனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கிரகப்பிரவேசத்துக்கு என் பெயரில்லாமல் “குடும்பத்தினர்” என்று பத்திரிகை வந்தது. இதைக் கேள்வியில் யாரும் கேட்கவில்லை, தெரியும். வேறு எங்கே போய்ச் சொல்ல.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். சமமான தரையில் காலியாக நிறுத்துங்கள். பின் சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே, லோடு ஏற்றும் தொட்டியின் விளிம்பு வரை டேப் பிடித்து இரண்டு பக்கமும் அளவெடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு பட்டை உடைந்திருக்கும், அல்லது புஷ் போயிருக்கும். இரண்டும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் செட்டே தளர்ந்துவிட்டது. பெயிண்டைச் சுரண்டி நீலம் தெரிகிறதா பாருங்கள். பட்டைகளின் கனத்தையும் அளந்துகொள்ளுங்கள், முன்னால் யாராவது என்னை மாதிரி கனமானதைச் சொருகியிருக்கலாம். செட் நன்றாக இருந்து, உங்கள் தொழிலுக்கு நிஜமாகவே கொஞ்சம் கூடுதல் தாங்க வேண்டும் என்றால், அதே கனத்தில் பட்டை சேர்ப்பது பற்றி அப்போது கேளுங்கள். புது செட் போட்டால் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். லூசாக விட்டால் சென்டர் போல்ட் வெட்டிக்கொண்டு ஆக்சிலே நகர்ந்துவிடும்.

அளவெடுத்ததும் இடது, வலது தனித்தனியாகக் கமெண்டில் போடுங்கள். டீசல் டேங்க் எந்தப் பக்கம், எவ்வளவு டீசல் இருந்தது என்பதையும் சேர்த்து, அந்த எடையும் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டும்.